கேட்கப்படாத கேள்வி

மூளை முடக்குவாதக் குழந்தைகளை வாட்டும் மலச்சிக்கலைத் தீர்க்க முடியும். ஆனால் அதை ஒரு நோயாகப் பார்க்க வீட்டிலும் ஆள் இல்லை, மருத்துவமனையிலும் ஆள் இல்லை.

நடக்குமா? பேசுமா? பள்ளிக்குப் போகுமா? மூளை முடக்குவாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் இவை. டாக்டர் கேட்பதும் ஏறக்குறைய இதே வகைதான். வலிப்பு வந்ததா? கழுத்து நின்றதா? பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா? ஆனால் வீட்டில் அந்தத் தாயின் நிம்மதியைக் குலைக்கும் கேள்வி இரு தரப்பிலிருந்தும் எழுவதில்லை: குழந்தை வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று?

மூன்று நாள், ஐந்து நாள், சில சமயம் ஒரு வாரம். வயிறு கல்லாக இருக்கும். ஊட்டினால் வாயை மூடிக்கொள்ளும், அல்லது உண்டதை அப்படியே கக்கும். இரவில் காரணம் தெரியாமல் வீறிட்டு அழும். வலிக்கிறது என்று சொல்ல அதற்குப் பேச்சு இல்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டக் கை ஒத்துழைக்காது. உடம்பை வில்லாக வளைத்து விறைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த மொழி. அதையும் பார்ப்பவர்கள் ‘இந்த நோயின் குணம்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிரச்னை அரிதானதும் அல்ல. செரிப்ரல் பால்சி என்று மருத்துவர்கள் அழைக்கும் மூளை முடக்குவாதம் இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய மூவருக்கு இருக்கிறது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், பிறந்த சில நாட்களில் எல்லை மீறும் மஞ்சள் காமாலை ஆகியவை இங்கு முக்கியக் காரணங்கள். 1999-இல் இத்தாலிய மருத்துவர்கள் இத்தகைய 58 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தபோது 74 சதவீதம் பேருக்கு நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தது. பிற ஆய்வுகளில் இந்த எண்ணிக்கை கூடவும் குறையவும் செய்கிறது. ஆனால் ஏதோ சிலருக்கு வரும் தொல்லை என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

அடிபட்டது மூளை, அடைபடுவது குடல்

மூளையில் ஏற்பட்ட சேதத்துக்கும் மலச்சிக்கலுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. நடமாடும் குழந்தைக்குக் குடலும் சுறுசுறுப்பாக நகரும். நாள் முழுதும் படுத்தே கிடக்கும் குழந்தைக்கு அது மந்தமாகிறது. மலத்தை வெளியே தள்ள வயிற்றுத் தசைகள் இறுக வேண்டும். அதே கணத்தில் ஆசனவாய்த் தசை தளர வேண்டும். இந்த ஒத்திசைவுக்கு உத்தரவிட வேண்டிய நரம்பு மண்டலமே பழுதாகியிருக்கும்போது, முக்க வேண்டிய தசை சோர்ந்து கிடக்கிறது, தளர வேண்டிய தசை இறுகிக்கொள்கிறது.

அடுத்தது உணவு. மெல்லவும் விழுங்கவும் சிரமப்படும் குழந்தைக்கு ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் கூட ஆகும். எனவே சுலபமாக உள்ளே போவதையே தாய் தேர்ந்தெடுக்கிறாள்: பால், பாலில் ஊறிய பிஸ்கட், குழைத்த வெள்ளைச் சாதம். மூன்றிலும் நார்ச்சத்து கிடையாது என்றே சொல்லலாம். தண்ணீர் கொடுத்தால் புரை ஏறுகிறது என்பதால் அதுவும் குறைந்துபோகிறது. பஸ்ஸிலோ ரயிலிலோ சிகிச்சைக்குக் கிளம்பும் நாளில், வழியில் துணி மாற்ற இடமிருக்காது என்று தண்ணீரை வேண்டுமென்றே நிறுத்திவிடும் தாய்மார்களும் உண்டு.

மூன்றாவது, மருந்து. தசை முறுக்கத்துக்கும் ஓயாமல் எச்சில் வடிவதற்கும் தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில், கிளைகோபைரோலேட் போன்ற மருந்துகள் எச்சிலை உலர்த்துவதோடு குடலையும் மந்தப்படுத்துகின்றன. சில வலிப்பு மருந்துகளும், ரத்த சோகைக்கான இரும்புச் சத்து டானிக்குகளும் தம் பங்குக்கு மலத்தை இறுக்கக்கூடும்.

இங்கேதான் ஒரு விஷ வட்டம் தொடங்குகிறது. மலம் தேங்கினால் வலி. வலித்தால் கை கால் விறைப்பு கூடுகிறது. விறைப்பு கூடிவிட்டது என்று பார்த்தவுடன் மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. கூட்டிய மருந்து குடலை மேலும் மந்தமாக்குகிறது. பெற்றோர் நரம்பியல் நிபுணரிடமும் எலும்பு மருத்துவரிடமும் அலைகிறார்கள். வயிற்றில் கை வைத்துப் பார்த்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும்.

பேதியென்று ஏமாற்றும் மலச்சிக்கல்

குடலில் மலம் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அந்த அளவுக்கு அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு அது கெட்டியாகிறது. கெட்டியான மலம் வெளியேறும்போது ஆசனவாயில் கீறல் விழுகிறது, ரத்தம் கசிகிறது. ஒரு முறை அந்த வலியை அனுபவித்த குழந்தை அடுத்த முறை அடக்கிக்கொள்கிறது. மலக்குடல் விரிந்து விரிந்து, நிரம்பியிருக்கிறது என்ற உணர்வையே இழந்துவிடுகிறது. நிறைந்த மலக்குடல் பக்கத்திலுள்ள சிறுநீர்ப் பையை அழுத்துவதால் சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வரலாம்.

பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது இன்னொரு அறிகுறி. இறுகிப்போன மல உருண்டையைச் சுற்றிக்கொண்டு, மேலிருந்து வரும் நீர்த்த மலம் கசிந்து ஆடையை நனைக்கிறது. தாய் அதைப் பேதி என்று நினைக்கிறாள். கொடுத்துவந்த மலமிளக்கியை நிறுத்துகிறாள். கடையில் பேதியை நிறுத்தும் மருந்து வாங்கிக் கொடுக்கிறாள். ஏற்கனவே அடைத்திருந்த குழாய்க்கு மேலும் ஒரு மூடி போட்டாயிற்று. பல நாட்கள் போகாமலிருந்த குழந்தைக்குத் திடீரென்று ஓயாமல் கசிந்தால், அது பேதியல்ல, முற்றிய மலச்சிக்கலாக இருக்கக்கூடும் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

விலையும் அங்கேதான் கொடுக்கப்படுகிறது. கசிவும் வாடையும் இருக்கும் குழந்தையை வகுப்பில் உட்காரவைக்கப் பள்ளிகள் தயங்குகின்றன. வயிறு உப்பிய குழந்தை பயிற்சிப் பாயில் படுக்கவே மறுக்கிறது. சாப்பாடு இறங்காததால் எடை ஏறுவதில்லை. பல ஆண்டு உழைப்பில் கிடைத்த சிறு முன்னேற்றம், கவனிக்கப்படாத ஒரு குடல் அடைப்பினால் கைநழுவிப் போகிறது.

வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும்

வீட்டு வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. வங்காளத்திலும் தமிழ்நாட்டிலும் வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பார்கள். பல மாநிலங்களில் சீவிய சோப்புத் துண்டு அதே வேலைக்குப் பயன்படுகிறது. விளக்கெண்ணெய் நாடெங்கும் உண்டு. இவற்றில் அன்றைக்கு ஒரு முறை பலன் கிடைப்பது உண்மைதான். ஆனால் சோப்பு மென்சவ்வை அரித்துப் புண்ணாக்கும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே குழந்தை மேலும் அடக்கும்.

எண்ணெயை வாயில் ஊற்றுவதில் அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. விழுங்கும் திறன் குறைந்த குழந்தைக்கு எண்ணெய் சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். இருமல்கூட வராது. நுரையீரலில் தங்கும் எண்ணெய், சாதாரண மருந்துக்கு அடங்காத ஒருவகை நிமோனியாவை உண்டாக்குகிறது. லிக்விட் பாரஃபினுக்கும் இது பொருந்தும். கடையில் கிடைக்கும் சில மலமிளக்கி டானிக்குகளில் அது கலந்திருக்கிறது. புரையேறும் குழந்தைக்கு வாங்கும்போது புட்டியின் லேபிளைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

வைத்தியசாலையிலும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை. ஐந்து நாள் ஆகிவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடினால் எனிமா கொடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி அடைப்பு, மறுபடி எனிமா. தொட்டி நிரம்பி வழியும்போதெல்லாம் வாளியால் இறைப்பது போன்ற சிகிச்சை இது. பாஸ்பேட் எனிமாவை அடிக்கடி கொடுத்தால், அதுவும் சிறு குழந்தைக்குக் கொடுத்தால், ரத்தத்திலுள்ள உப்புகளின் சமநிலை கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதலில் சுத்தம், பிறகு பராமரிப்பு

சரியான சிகிச்சை எது என்பதில் மருத்துவ உலகில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்புகள் 2018-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. நரம்புக் குறைபாடுள்ள குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுகளுக்கென்றே ஐரோப்பியக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவர்கள் 2017-இல் தனி நெறிகளை வகுத்தார்கள். புரையேறும் ஆபத்து இல்லாத வரை, மற்றக் குழந்தைகளுக்கான சிகிச்சையே இவர்களுக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். அதாவது, மூளை சேதத்தைச் சரிசெய்ய முடியாது என்பதற்காக மலச்சிக்கலையும் விதியென்று விட்டுவிட வேண்டியதில்லை.

சிகிச்சைக்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டம், தேங்கிய பழைய மலத்தை முழுமையாக வெளியேற்றுவது. இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். இன்று முதலிடம் பெறும் மருந்து பாலிஎத்திலீன் கிளைகால் என்ற தூள். இது உடம்பில் அநேகமாகச் சேருவதில்லை. தன்னோடு கரைந்த நீரைக் குடலிலேயே பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். இதையும் விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு வலுக்கட்டாயமாகப் புகட்டினால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அத்தகைய குழந்தைக்கு மருத்துவமனையில் மூக்குக் குழாய் வழியாகவோ, ஆசனவாய் வழியாகவோ செய்வதே பாதுகாப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்தைப் பயன்படுத்துகிறார்கள்.

பெரும்பாலான பெற்றோர் கோட்டைவிடுவது இரண்டாம் கட்டத்தில். வயிறு சுத்தமானதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் சிகிச்சை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. விரிந்துபோன மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் ஆகும். அதுவரை தினமும், குறைந்த அளவில், மலமிளக்கி தொடர வேண்டும். வலியின்றி, கசிவின்றி, இளகிய மலம் குறைந்தது 6 மாதங்கள் தொடர்ந்து வந்த பிறகே மருந்தைக் குறைக்கத் தொடங்கலாம் என்பதும், அதையும் 3 மாதங்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பதும் இந்திய நெறிகளின் அறிவுரை. மூளை முடக்குவாதக் குழந்தைகளில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படலாம். வலிப்பு மருந்தை வருடக்கணக்கில் கொடுக்கத் தயங்காத பெற்றோர் இதற்கு மட்டும் ‘பழகிவிடுமோ’ என்று அஞ்சுகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது இந்த மருந்துகளால் குடல் சோம்பேறியாவதில்லை. தேங்கும் மலம்தான் குடலைச் செயலிழக்கச் செய்கிறது.

சிகிச்சை தொடங்கும் முன் டாக்டர் வேறு காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவும், பிறவியிலேயே குடல் நரம்புகள் இல்லாமல் போகும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோயும் இக்குழந்தைகளுக்கும் வரக்கூடியவையே. பிறந்த 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை என்றால் அதைத் தாய் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தட்டிலும் இருக்கையிலும்

மருந்தோடு முடிவதில்லை விஷயம். நார்ச்சத்து நல்லதென்று கேட்டு இசப்கோல் உமியை அள்ளிக் கொடுப்பவர்கள் உண்டு. போதிய தண்ணீர் இறங்காத குழந்தையின் குடலில் அது களிமண்ணாக இறுகிவிடும். அன்றாட உணவிலேயே நாரைச் சேர்ப்பது நல்லது: மசித்த பப்பாளி, கொய்யாச் சதை, ஊறவைத்து அரைத்த உலர் திராட்சை, கீரை சேர்த்துக் குழைத்த பருப்பு, கோதுமை ரவைக் கஞ்சி, காய்கறி கிச்சடி. பாலின் அளவைக் குறைத்தாலே பல குழந்தைகளுக்குப் பசி எடுக்கத் தொடங்கும். வெறும் தண்ணீர் புரையேறினால் கெட்டியான மோர், கஞ்சி, பழக்கூழ் வழியாக நீரை உள்ளே அனுப்பலாம். எந்தக் கெட்டியில் கொடுத்தால் பாதுகாப்பு என்பதை விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார்.

அடுத்தது உட்காரும் விதம். படுத்த நிலையில் மலம் கழிப்பது ஆரோக்கியமான மனிதருக்கே கடினம். இடுப்பும் முழங்காலும் மடங்கியிருந்தால் விறைப்பு தளர்கிறது, மலக்குடல் நேராகிறது. நம் பாட்டிமார்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இரு பாதங்களுக்கிடையே குழந்தையைக் குந்தவைத்துப் பிடிப்பார்களே, அதைவிடச் சிறந்த முறையைப் பிசியோதெரபி இன்னும் கண்டுபிடிக்கவில்லை எனலாம். ஆனால் குழந்தை எட்டு, பத்து வயதானால் எந்தத் தாயின் காலும் தாங்காது.

அங்கேதான் இந்தியக் கழிப்பறை கைவிடுகிறது. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமங்களில் 10 கோடிக்கும் அதிகமான கழிப்பறைகள் கட்டப்பட்டதாக 2019-இல் அரசு அறிவித்தது. குந்தவும் முடியாத, பிடித்து நிற்கவும் முடியாத குழந்தைக்கு அந்தப் பீங்கானால் பயனில்லை. பெரிய செலவு தேவையில்லை. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தில் துணி சுற்றி, மார்புக்கும் இடுப்புக்கும் பட்டை, காலுக்கு அடியில் ஒரு பலகை வைத்தால் போதும். பாதம் அந்தரத்தில் தொங்கக்கூடாது. ஊன்றிய கால்தான் முக்குவதற்கு வலு தருகிறது.

நேரமும் முக்கியம். சாப்பிட்டவுடன் குடல் இயற்கையாகவே அசைந்து கொடுக்கும். காலையிலும் மாலையிலும் உணவுக்குப் பின் ஐந்து, பத்து நிமிடம், அதே நேரத்தில், அவசரமில்லாமல் உட்காரவைக்கலாம். வந்தாலும் வராவிட்டாலும் எழுப்பிவிடலாம், திட்டக்கூடாது. உணவுக்கு முன்பாக, வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்கே சென்று, இடப்பக்கம் இறங்கும்படி மெல்ல நீவிவிடுவது சில குழந்தைகளுக்குப் பலன் தருகிறது. பேசாத குழந்தைக்கு ‘வருகிறது’ என்று காட்ட ஒரு சைகை அல்லது படம் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதி யுத்தம் முடிந்த மாதிரி.

சட்டம் இருக்கிறது, சாட்டம் இல்லை

மூளை முடக்குவாதத்துக்கென்று நிறுவனங்கள் இந்தியாவில் 1970-களிலேயே தோன்றிவிட்டன. பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா, 1974-இல் கல்கத்தாவில் அதன் கிழக்கிந்திய அமைப்பு என்று தொடங்கிய இயக்கம், இக்குழந்தைகளும் படிக்க முடியும் என்பதை நிரூபித்துக் காட்டியது. 1999-இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் இதுவும் ஒன்று. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டுத் திட்டம் 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. படுக்கையில் சேராமல் பெறும் சிகிச்சைக்கும் மருந்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தினமும் மலமிளக்கி வாங்க வேண்டிய குடும்பத்துக்கு இது சின்ன உதவியல்ல. 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தை நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் அமைக்கப்பட்டன. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கம்.

ஆக, வழி இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. இல்லாதது இரண்டையும் இணைக்கும் ஒரு கேள்வி. பிசியோதெரபிஸ்ட் அதை டாக்டரின் வேலை என்று நினைக்கிறார். நரம்பியல் டாக்டர் அதைக் குழந்தை மருத்துவரின் வேலை என்று நினைக்கிறார். தாயோ, இவ்வளவு பெரிய நோய்க்கு நடுவே இதைச் சொல்வதா என்று கூசுகிறாள். வளர்ந்த பெண் குழந்தை என்றால் கூச்சம் இரட்டிப்பாகிறது.

தீர்வு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம். தேதி, போனதா இல்லையா, கெட்டியா இளகலா, அழுததா, கசிந்ததா, எவ்வளவு குடித்தது. தினம் ஒரு வரி. இரண்டு வாரக் குறிப்போடு டாக்டர் முன் உட்காரும் தாயை ‘இதெல்லாம் இந்தக் குழந்தைகளுக்கு சகஜம்’ என்று சொல்லித் திருப்பியனுப்புவது எளிதல்ல. பச்சை நிற வாந்தி, திடீரென்று உப்பும் வயிறு, மலத்தில் அதிக ரத்தம், வயிறு உப்பலோடு காய்ச்சல் ஆகியவை தெரிந்தால் நோட்டுக்காகக் காத்திருக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூளையில் ஏற்பட்ட சேதத்தை இன்றைய மருத்துவத்தால் திரும்பப் பெற முடியாது. அந்தக் குழந்தை நடக்குமா என்பதற்கு எவரும் உறுதி தர இயலாது. ஆனால் நாளைக் காலை வலியில்லாமல் வெளிக்குப் போகவைக்க முடியும், அதன் பிறகு வயிறு நிறையச் சாப்பிடவும், இரவு தூங்கவும், பயிற்சியில் சிரிக்கவும் வைக்க முடியும். அதற்கு டாக்டர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் தாய் சொல்ல வேண்டும்.